ஆக்டிவ் டைரக்டரி பழக வீட்டு லேப்: விர்ச்சுவல்பாக்ஸா, ப்ராக்ஸ்மாக்ஸா?

ஆக்டிவ் டைரக்டரி என்பது ஒரு நிறுவனத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு. அதை வீட்டிலேயே பழக, ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருள் வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ், ப்ராக்ஸ்மாக்ஸ் இரண்டுமே அந்த வகை, இரண்டுமே இலவசம். 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், விர்ச்சுவல்பாக்ஸ் போதும். விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பில் ஒரு டொமைன் கன்ட்ரோலர் (டொமைன் எனப்படும் கணினிக் குழுவை நிர்வகிக்கும் சர்வர்), அதில் சேர ஒரு விண்டோஸ் கிளையன்ட், தாக்கிப் பார்க்க ஒரு Kali லினக்ஸ் (பாதுகாப்புச் சோதனைக்கான லினக்ஸ்). மூன்றையும் 'இன்டர்னல் நெட்வொர்க்'கில் போட்டுவிட்டால் தாக்குதல் பயிற்சி வீட்டு வைஃபை பக்கம் கசியாது. கிளையன்ட்டின் டிஎன்எஸ் (பெயரை வைத்து கணினியின் முகவரியைக் கண்டுபிடிக்கும் சேவை) முகவரி டொமைன் கன்ட்ரோலரைக் காட்ட வேண்டும். டொமைனில் சேராமல் அடம்பிடித்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸுக்குத் தனிக் கணினி வேண்டும். நிறுவும்போது தேர்ந்தெடுத்த டிஸ்க்கை முழுக்க அழித்துவிடும், கவனம். பதிலுக்கு, லேப் இரவும் பகலும் ஓடும். பிரவுசரிலிருந்தே எல்லாவற்றையும் நிர்வகிக்கலாம். இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர், ரெப்ளிகேஷன் (கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் தகவலை ஒத்திசைப்பது), லாக் சேகரிப்பு என்று வளர்ந்தபின் இதுதான் சுகம்.

மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைச் சேமித்து, பின்னர் அதற்கே திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் இரண்டிலும் உண்டு. ஆனால் கிளையன்ட்டை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பாதீர்கள். டொமைனில் உள்ள கணினியின் கடவுச்சொல் இயல்பாக 30 நாளுக்கொருமுறை மாறும். இடையில் மாறியிருந்தால் டொமைனுடனான நம்பிக்கை உறவு அறுந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்து, ஒன்றாக ஸ்னாப்ஷாட் எடுத்து, ஒன்றாகவே திருப்புங்கள்.

புதியவர்கள் விர்ச்சுவல்பாக்ஸில் தொடங்குவதே சரி. குரூப் பாலிசியும் (டொமைன் கணினிகளுக்கு மொத்தமாக அமைப்பு விதிகள் போடுவது) கெர்பரோஸும் (டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) புரிவதற்கு முன்பே ஹைப்பர்வைசரோடு மல்லுக்கட்டினால் ஆர்வம் வடிந்துவிடும்.