கார் கதவு இடுக்குகளும் கீல்களும்: திருவான்மியூரில் ஏழு ஆண்டுப் பராமரிப்பு அனுபவம்

2018-இல் வாங்கிய எங்கள் சிறிய காரைத் திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய ஒரு தெருவில், வேப்பமரத்தடியில் நிறுத்தி வருகிறோம். வெளிப்புறத்தை வாரந்தோறும் கழுவிய நான், கதவைத் திறந்தால் தெரியும் இடுக்குகளை முதல் இரண்டு ஆண்டுகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு சித்திரையில், உதிர்ந்த வேப்பம்பூவும் புழுதியும் பழைய கிரீஸும் கலந்து கீல்களின் மடிப்பில் கறுப்புப் பிசினாக இறுகியிருந்ததைக் கண்ட பிறகே, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இவற்றை வீட்டிலேயே சுத்தம் செய்யத் தொடங்கினேன்.

ஈரத் துணியை முதலில் எடுக்கவே கூடாது. காய்ந்த புழுதியையும் சருகுகளையும் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, அதன் பிறகே கார் ஷாம்பு கரைத்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும்; கீல் மடிப்புகளுக்குப் பழைய டூத் பிரஷ் போதும். ஒருமுறை ஒரு வாட்டர் வாஷ் கடையில் கதவைத் திறந்து வைத்து அழுத்தத்துடன் நீரைப் பீய்ச்சியதில், உள்ளே தரைவிரிப்பின் அடிப் பஞ்சு வரை நனைந்து, பல நாள் வெயிலில் காய வைத்தும் முடைநாற்றம் போகாமல் நாங்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. அன்றிலிருந்து இடுக்குகளுக்கு வாளியும் துணியும் மட்டுமே.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை. கண்ணாடி வழியாக வழியும் மழைநீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்கி, இந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. அவை அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கும். தகடு உள்ளிருந்து துருப்பிடித்து, பெயின்ட் கொப்பளிக்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு பின்கதவைத் திறந்தபோது உள்ளே நீர் சலசலக்கும் ஓசை கேட்டது. தென்னை ஈர்க்கால் துளையைக் குத்தியதும் சேற்று நீர் கொட்டியது. கம்பியைப் பயன்படுத்தினால் பெயின்ட் கீறி, துரு அங்கேயே தொடங்கும் என்பதால் ஈர்க்குதான் நல்லது.

கீலுக்கு என்ன போடுவது என்பதில் நான் ஓராண்டை வீணாக்கினேன். டபிள்யூ.டி-40 என்ற ஸ்பிரேயை அடித்த உடன் கிறீச்சொலி நின்றது, சில வாரங்களில் திரும்பியது. நீரை விலக்கவும் இறுகிய அழுக்கை இளக்கவும் அது சிறந்தது. ஆனால் மெல்லிய திரவமாதலால் இருந்த கிரீஸையும் கரைத்துவிட்டு, தான் நெடுநாள் நிற்பதில்லை. இப்போது அதைச் சுத்தம் செய்ய மட்டும் பயன்படுத்தி, நன்றாகத் துடைத்த பின் வெள்ளை லித்தியம் கிரீஸைச் சிறிதளவு இட்டு, கதவைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடி, பிதுங்கி வந்ததைத் துடைத்துவிடுகிறேன். உப்புக்காற்றிலும் இது ஆறு மாதம் தாங்குகிறது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், புழுதியை இழுத்துப் பிசுபிசுத்துவிடும்.

கதவு விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங்குக்குச் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவுகிறேன். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பி இளகக்கூடும்.

நான்கு கதவுகளுக்கும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. கீல்களில் இதுவரை துரு இல்லை. ஓட்டுநர் பக்கத்துப் போல்ட் ஒன்றின் தலையில் மட்டும், நான் கவனிக்காத அந்த முதல் இரண்டு ஆண்டுகளில் விழுந்த செம்புள்ளி அப்படியே இருக்கிறது. பின் இடக்கதவைப் பாதியில் நிறுத்திப் பிடிக்கும் பட்டை எத்தனை முறை துடைத்துக் கிரீஸ் இட்டாலும் ‘டக்’ என்று ஒலிக்கிறது. அது அழுக்கால் அல்ல, தேய்மானத்தால் வருவது என்பதால் அந்தப் பாகத்தை மாற்றவிருக்கிறேன்.