பிரபஞ்சத்தின் தோற்றம்: பதினான்கு பாடங்களும் ஒரு விடைக்குறிப்பும்

பிரபஞ்சத்தின் தோற்றம் பற்றிய இணையவழிப் பாடத்தொடர் ஒன்றில் கட்டணம் செலுத்திச் சேர்ந்து, பதினான்கு காணொளிகளையும் பார்த்து, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வரும் வினாக்களுக்கு விடையளித்துச் சான்றிதழும் பெற்றுவிட்டேன். நடத்தும் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பள்ளி இயற்பியல் நினைவிருந்தால் போதும் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள், அது உண்மைதான். ஒலி தெளிவு, எழுத்துரு நேர்த்தி, பாடங்களின் நீளமும் அளவானது. ஆகவே நேரே உள்ளடக்கத்துக்கு வருகிறேன்.

நான்காம், ஐந்தாம் பாடங்களுக்காக மட்டுமே இத்தொடரை வாங்கலாம். 1964இல் ரேடியோ வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் தங்கள் கொம்பு வடிவ ஆண்டெனாவில் எந்தத் திசையில் திருப்பினாலும் மாறாத ஓர் இரைச்சலைக் கேட்டதும், அதற்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தைச் சுரண்டித் துடைத்த பிறகும் அந்த இரைச்சல் போகாததும் பலரும் சொல்லிச் சலித்த கதைதான். ஆசிரியை அதை இரண்டே நிமிடத்தில் கடந்து, இளம் பிரபஞ்சத்தின் வெப்பம் விட்டுச்சென்ற, அந்த இரைச்சலாகக் கேட்ட பின்னணிக் கதிர்வீச்சுக்கு 1948இல் ஆல்பரும் ஹெர்மனும் கணக்கிட்டுச் சொன்ன 5 கெல்வின் வெப்பநிலைக்கும் பிற்பாடு அளக்கப்பட்ட 2.7 கெல்வினுக்கும் உள்ள உறவில் நிதானமாக நிற்கிறார். பிறகு, பழைய வெப்பத்தின் எச்சம் இது என்றால் அதன் நிறமாலை எந்த வடிவில் இருந்தாக வேண்டும் என்று வெள்ளைப் பலகையில் முதலில் வளைகோட்டை வரைகிறார். காணொளியை நிறுத்திவிட்டு, அளவீட்டுப் புள்ளிகள் எங்கே விழும் என்று தாளில் குறிக்கச் சொல்கிறார். நானும் குறித்தேன். அடுத்து அவர் இக்கதிர்வீச்சை அளந்த கோபே செயற்கைக்கோளின் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைக்க, அவை கோட்டின் மேலேயே வரிசையாக உட்கார்ந்தபோது, ஒரு கோட்பாடு தன் கழுத்தை நீட்டிக் காட்டிப் பிழைத்துக்கொள்வது எப்படியிருக்கும் என்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

ஹீலியத்தைப் பற்றிய பாடமும் நேர்மையானது. முதல் சில நிமிடங்களில் நடந்த அணுக்கரு வினைகளால் சாதாரணப் பொருளின் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஹீலியமாகும் என்ற கணிப்பு வானியல் அளவீடுகளோடு பொருந்துவதைக் காட்டுவதோடு, லித்தியத்தின் கணக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பிசகுவதையும் அவர் மறைக்கவில்லை.

இனிக் குறைகள். முகப்பில் ஓடும் அசைவூட்டப் படத்தில் இருண்ட வெற்றிடத்தின் நடுவே ஒரு தீப்பந்து வெடிக்கிறது, விண்மீன் மண்டலங்கள் சிதறு தேங்காய்ச் சில்லுகள் போல எட்டுத் திக்கும் பறக்கின்றன. இரண்டாம் பாடத்திலோ, விரிவது விண்வெளிதான், வெடிப்புக்கென்று ஒரு மையம் கிடையாது என்று ஆசிரியையே விளக்குகிறார். ஒவ்வொரு பாடமும் அந்தப் படத்தோடுதான் தொடங்குவதால், பதினான்கு முறை தவற்றைப் பார்த்து ஒருமுறை திருத்தத்தைக் கேட்கிறோம். ‘பெருவெடிப்பு’ என்ற பெயரே இக்குழப்பத்துக்குப் பாதிக் காரணம். அதன் ஆங்கில மூலத்தை 1949இல் ஒரு வானொலி உரையில் சொன்ன பிரெட் ஹாயில் அக்கருத்தை ஏற்காதவர் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாம் பாடம்தான் என்னை இதை எழுத வைத்தது. எது அறிவியல் கோட்பாடு என்பதே அதன் பொருள். தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934இல் முன்வைத்த அளவுகோலை, அதாவது எந்த அவதானிப்பு வந்தால் தான் பொய்யாகும் என்று சொல்லத் துணிவதே அறிவியல் கூற்று என்பதை, ஆசிரியை நன்றாகவே விளக்குகிறார். தமிழில் நாம் ‘கொள்கை’ என்ற ஒரே சொல்லைக் கட்சிக்கும் சார்பியலுக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதால், ‘பெருவெடிப்புக் கொள்கை’ என்று கேட்டதும் அதுவும் யாரோ சிலர் பற்றிக்கொண்டிருக்கும் நிலைப்பாடு என்று தோன்றிவிடுகிறது. இவர் கோட்பாடு, கருதுகோள் என்று பிரித்துப் பேசியது ஆறுதல். ஆனால் வினாத்தாளில், அறிவியல் கோட்பாடு அல்லாதது எது என்று கேட்டு, பெருவெடிப்பு, மாறாநிலை அண்டம், பெருவீக்கம் (தொடக்கத்தில் பிரபஞ்சம் கணப்பொழுதில் மிக வேகமாக விரிந்தது என்பது), பல்பிரபஞ்சம் (நம்முடையதைத் தவிர வேறு பிரபஞ்சங்களும் உண்டு என்பது) என நான்கு விடைகளைக் கொடுத்திருந்தார்கள். நான் பல்பிரபஞ்சத்தைத் தேர்ந்தேன். விடைக்குறிப்பு மாறாநிலை அண்டமே சரியென்றது. காரணம், அது தவறென்று காட்டப்பட்டுவிட்டதாம்.

இது அந்தப் பாடத்தையே தலைகீழாக்கும் விடை. 1948இல் ஹாயிலும் பாண்டியும் கோல்டும் முன்வைத்த அக்கோட்பாடு, பிரபஞ்சம் விரிய விரியப் புதுப் பொருள் உருவாகி அடர்த்தி மாறாமல் இருக்கும் என்றும், எக்காலத்திலும் பிரபஞ்சம் ஒரே தோற்றத்தில்தான் இருக்கும் என்றும் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. அப்படிச் சொன்னதால்தான் தொலைதூர ரேடியோ மூலங்களின் எண்ணிக்கையும் பின்னணிக் கதிர்வீச்சும் அதை வீழ்த்த முடிந்தது. தோற்றுப்போகும் இடத்தை முன்கூட்டியே காட்டிய கோட்பாட்டை அறிவியலுக்கு வெளியே தள்ளிவிட்டு, இன்றுவரை எந்த அளவீட்டின் முன்னும் நிற்காத பல்பிரபஞ்சத்தை உள்ளே உட்கார வைப்பது என்ன நியாயம்? பெருவீக்கத்தின் துணைவிளைவாக அது வருகிறது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தையாவது பாடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இதே மயக்கம் பிற்பகுதி முழுவதும் தொடர்கிறது. ஹீலியத்தின் அளவைச் சொன்ன அதே உறுதியான குரலில்தான் ‘ஒன்றுமில்லாமையிலிருந்து’ பிரபஞ்சம் பிறந்ததாகக் கடைசிப் பாடமும் சொல்கிறது. வெப்பமும் அடர்த்தியும் மிகுந்த ஒரு நிலையிலிருந்து பிரபஞ்சம் எப்படி மாறிவந்தது என்பதற்குத்தான் சான்றுகள் உள்ளன. தொடக்கக் கணம் வேறு கேள்வி என்பதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. 2014 மார்ச்சில் தென்துருவத் தொலைநோக்கி ஒன்றின் பைசெப்2 குழு பெருவீக்கத்தின் ஈர்ப்பலைத் தடயத்தைக் கண்டதாக அறிவித்ததும், பிளாங்க் செயற்கைக்கோளின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சமிக்ஞையை நம் பால்வீதியின் தூசியே விளக்கிவிடக்கூடும் என்று 2015இல் தெரியவந்ததும் ஒன்பதாம் பாடத்துக்கென்றே அமைந்த உதாரணங்கள், ஆனால் இரண்டும் பாடத்தில் இல்லை. 2000ஆம் ஆண்டில் ஸ்ரீஆனந்த், பெட்டிஷான், லெடூ மூவரும் தொலைதூர வாயு மேகம் ஒன்றை ஆராய்ந்து, நாம் காணும் அதன் ஒளி புறப்பட்ட பழங்காலத்தில் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை 6 முதல் 14 கெல்வினுக்குள் இருந்ததாகக் கண்டார்கள். பெருவெடிப்புக் கோட்பாடு எதிர்பார்ப்பது சுமார் 9 கெல்வின். அதுவும் இல்லை. விரிவு வேகத்தை அளக்கும் இரு வழிகள் 67 என்றும் 73 என்றும் (மெகாபார்செக் என்ற வானியல் தொலைவுக்கு விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர்) முரண்படுவதற்கு ஒரே ஒரு படவில்லையை (ஸ்லைடு) மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

முதல் எட்டுப் பாடங்களைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அதற்குப் பிந்தியவற்றைப் பார்ப்பவர்கள் கையில் பென்சிலோடு பார்ப்பது நல்லது. விடைக்குறிப்பைப் பற்றி உதவி மையத்துக்கு விரிவாக எழுதியபோது, என் ஆர்வத்துக்கு நன்றி கூறி, விடைகள் வல்லுநர் குழுவால் சரிபார்க்கப்பட்டவை என்று பதில் வந்தது. எந்தச் சான்றைக் காட்டினால் அந்த விடையை மாற்றுவார்கள் என்று மீண்டும் கேட்டிருக்கிறேன். மூன்று வாரமாகியும் பதிலில்லை.