பெட்டைக்குஞ்சு கேரண்டி என்று 7,500 ரூபாயை விழுங்கிவிட்டான் – நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் படிக்கவும்

7,500 ரூபாய். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி ரகத்தில் அறுபது பெட்டைக்குஞ்சுக்கு நான் கொடுத்த காசு இது. இப்போது கொட்டகையில் நிற்பது அத்தனையும் வெள்ளைச் சேவல், நாலைந்தைத் தவிர. இன்று காலையில் ஒன்று கரகரவென்று கூவிப் பழகுகிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடு மாடு கோழி வாங்க விற்க என்றே ஒரு செயலி. அதில் குஞ்சு பொரிப்பகம் நடத்துவதாகச் சொல்லும் ஒருத்தன் படம் போட்டிருந்தான். சேவலும் பெட்டையும் கலப்பாக எடுத்தால் குஞ்சு 55 ரூபாய், பெட்டை மட்டும் என்றால் 120. முட்டைக்கும் அடை வைக்கவும்தான் எனக்குக் கோழி வேண்டும், சேவல் வீட்டிலேயே ரெண்டு இருக்கிறது. குஞ்சுக்கு 7,200, பஸ் பார்சலுக்கு 300.

"ஒருநாள் குஞ்சுல பெட்டை எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன். உடனே வீடியோ காலில் வந்துவிட்டான். ஒரு குஞ்சை எடுத்து இறக்கையை விரித்துக் காட்டினான். "பாருங்கக்கா, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு ரெண்டு வரிசை இருந்தா பெட்டை. எல்லாம் ஒரே மட்டமா இருந்தா சேவல்." கை அவ்வளவு வேகம். இந்தப் பெட்டிக்கு ஒன்று, அந்தப் பெட்டிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்தவன், ஒரு குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சந்தேகமா இருக்குக்கா, உங்களுக்கு வேண்டாம்" என்று தள்ளி வைத்தான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பணம் போட்டேன். நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு!

பெட்டி வந்தது. பழுப்பும் கறுப்புமாக அழகாகத்தான் இருந்தன. பல்பு கட்டி, முதல் வாரம் 35 டிகிரி சூடு குறையாமல் பார்த்து, ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்தும் விட்டாயிற்று. அதற்குள் இறக்கை முளைக்க ஆரம்பித்துவிட்டது. உடம்பில் பஞ்சு பழுப்பு, முளைக்கிற இறகு சுத்த வெள்ளை. படம் எடுத்து அனுப்பினேன்.

"முதல் இறகு வெள்ளையாத்தான் வரும்க்கா, உதிர்ந்து முளைக்கறப்ப கலர் வரும்." கொண்டை சிவந்து பெரிதானபோது கேட்டேன். "தீவனம் சத்தா போடுறீங்க போல, பெட்டைக்கும் சிவக்கும்க்கா." அடுத்த தடவை சொன்னதுதான் உச்சம்: "உங்க ஊர் சூட்டுக்குச் சேவலா மாறியிருக்கும்." முட்டை உருவாகும்போதே பெட்டையா சேவலா என்று முடிவாகிவிடும், அதுவும் தாய்க்கோழி வழியாக. பொரித்த பிறகு வெயிலில் மாற இது என்ன பச்சோந்தியா? பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எண்ணை பிளாக் செய்துவிட்டான். செயலிக்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை, உயிருள்ள பிராணிக்குப் புகார் எடுப்பதில்லை என்று ரெண்டு வரி அனுப்பிக் கையைக் கழுவிவிட்டார்கள். 7,500 ரூபாய் உங்களுக்கு ரெண்டு வரியா?

கால்நடை மருத்துவர் ஒரு சேவலைத் தூக்கிப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "லேயர் பண்ணைச் சேவல்மா இது." லேயர் என்றால் முட்டைக்கென்றே பண்ணையில் வளர்க்கும் ரகம். இறக்கை பார்த்துப் பிரிப்பது பொய்யில்லையாம். வேகமாக இறகு முளைக்கும் ரகச் சேவலையும் மெதுவாக முளைக்கும் ரகப் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் பெட்டைக்குஞ்சுக்கு இறகு சீக்கிரம் நீளும், சேவலுக்கு நீளாது. அதற்கென்றே இணைத்த லேயர் ரகங்களில்தான் அது செல்லும், கண்டபடி இணையும் நம் நாட்டுக்கோழியில் செல்லாது. முட்டைப் பண்ணைக்குப் பெட்டை போய்விடும், சேவல்குஞ்சு யாருக்கும் வேண்டாம், சொற்பக் காசுக்கு வெளியே வரும். அதற்குச் சாயம் பூசினால் சிறுவிடை. அதாவது அந்தப் பயல் வீடியோவில் சரியாகத்தான் பிரித்திருக்கிறான். எந்தப் பெட்டியை எனக்கு அனுப்பினான் என்பதுதான் விஷயம்!

குஞ்சின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்துப் பிரிக்கும் ஜப்பான்காரர் முறை ஒன்று உண்டு, 1920களிலிருந்து இருக்கிறது. அதற்குப் பழகிய கை வேண்டும். 120 ரூபாய்க்கு விற்பவனிடம் அந்தக் கை இருக்காது.

விரிவாக யோசனை சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

நாட்டுக்கோழியில் ஒருநாள் குஞ்சுக்குப் பெட்டை கேரண்டி என்றால் போனை வையுங்கள். கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பவனையும் சேர்த்துத்தான்.

பெட்டைதான் வேண்டும் என்றால் மூன்று மாதக் கோழியாக நேரில் பார்த்து வாங்குங்கள். வால் பக்கம் முதுகில் இறகு நுனி கூராக இருந்தால் சேவல், மழுங்கி இருந்தால் பெட்டை. அசில் என்கிற சண்டைக்கோழி ரகத்துக்குக் கொண்டை சிறியது, கொண்டையை மட்டும் நம்பாதீர்கள்.

குஞ்சாகத்தான் வேண்டும் என்றால் கலப்பாக, கலப்பு விலைக்கு எடுங்கள். பாதி சேவல் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாயம் ஒட்டுகிறதா என்று ஈரப்பஞ்சால் குஞ்சின் முதுகைத் துடைத்துப் பாருங்கள். துடைக்க விடாதவனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீதை அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் பதியுங்கள்.