சங்கமா, கூட்டுறவா, கம்பெனியா? தேனீயை வருத்தாமல் வளர்ப்பவர்கள் எப்படிச் சேரலாம்?

ரப்பர் தளிர்க்கிற மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கும் யாருக்கும் பேச நேரம் இருக்காது. ரப்பர் தேன் பூவில் ஊறுவதில்லை. இளந்தளிரின் காம்பு நுனியில் சுரக்கிறது. அந்தச் சில வாரங்களில் பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை எடுப்பதும் தேன் பிழிவதுமாகவே பொழுது போய்விடும். மழை பிடித்து, வெளியே இரை இல்லாமல் பெட்டிகள் பட்டினி கிடக்கும் ஆனி, ஆடியில்தான் "நாம எல்லாரும் சேர்ந்து ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?" என்ற பேச்சு எழும்.

எங்களிடமும் எழுந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைச் சுற்றி ஆளுக்கு இரண்டு, ஐந்து, பத்துப் பெட்டி வைத்திருக்கும் பதினோரு பேர் நாங்கள். மேலே உள்ள தேன் அறையில் மட்டும் எடுப்போம், கீழே புழுக்கள் வளரும் அறையில் கைவைக்க மாட்டோம், ராணியின் இறகை நறுக்க மாட்டோம். இந்த மூன்றில் எல்லோருக்கும் ஒரே மனம். எந்த வடிவில் சேர்வது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

முதலில் எல்லோர் வாயிலும் வந்தது கூட்டுறவு. ஊர்ப் பெருமை அப்படி. 1924-ல் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு மையத்தைத் தொடங்கினார். ஏழைக் குடும்பங்களுக்குக் கைத்தொழிலாக அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டவற்றில் தேனீ வளர்ப்பும் ஒன்று. 1937-ல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாலு கிலோ தேன் எடுத்தவரையும் நாற்பது கேன் கொண்டுவருபவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது கூட்டுறவுதான். உறுப்பினருக்கு ஒரு வாக்கு, எடைக்கு நியாயமான காசு. இதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் அந்த எடைதான் என் தயக்கத்துக்கும் காரணம். எடைக்குக் காசு என்று வந்துவிட்டால், தேன் முற்றி தேனீக்கள் மெழுகு மூடி போடுமுன்னே அடையைப் பிழியக் கை பரபரக்கும். மழைக்காலத்துக்கென்று ஒரு சட்டத் தேனை உள்ளேயே விட்டவருக்கு அங்கே நஷ்டம், வழித்தெடுத்தவருக்கு லாபம். முன்பு நான் இருந்த ஒரு குழுவில் இதைக் கண்ணால் பார்த்தேன். தேனீக்காகக் கூடியவர்கள், மூன்றாம் வருடம் விலையைத் தவிர வேறெதையும் பேசவில்லை. தேன் வரத்து நல்லபடியாக இருந்த மாதத்திலேயே எடையைக் கூட்டச் சீனிப்பாகு வைத்தார்கள். அன்றோடு விலகிவிட்டேன்.

விளைவிப்பவர்களே பங்குதாரர்களாகச் சேரும் உற்பத்தியாளர் கம்பெனியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே பதிவு செய்யலாம். ஆனால் 2020-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் உதவிக்குச் சமவெளியில் 300 உறுப்பினர்கள் வேண்டும் என்று விதித்திருந்தார்கள். ஆண்டுதோறும் தணிக்கை, கணக்குத் தாக்கல் என்று செலவு இருக்கிறது. லாபத்தில் வரும் ஊக்கத்தொகையும் யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கில்தான் பிரியும். நூற்றுக்கணக்கான பெட்டிகளை லாரியில் ஏற்றி, தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோகிறவர்களுக்கு அது பொருந்தும். எங்கள் பதினோரு பேருக்குப் பொருந்தாது.

பதிவு பெற்ற சங்கம் இதைவிட எளிது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். லாபத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது என்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கோ அதுதான் அதன் பெரிய குணம். காசைச் சுற்றிச் சண்டை வராது. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் பொதுவில் ஒரு பிழியும் எந்திரம் வாங்கலாம். பூச்சிமருந்து அடிக்குமுன் சொல்லுங்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் வேளாண் அலுவலரிடமும் கேட்டுக் கடிதம் கொடுத்தால் அதற்கும் மதிப்பு இருக்கும்.

நான் முதலிடம் கொடுப்பது பதிவே இல்லாத மாதாந்திரக் கூட்டத்துக்கு. ஒவ்வொரு மாதமும் ஒருவர் வீட்டில் கூடி, அவருடைய பெட்டிகளைத் திறந்து பார்ப்பது. அவ்வளவுதான். இதன் அருமை, நோய் வரும்போது தெரியும். 1991, 92-ல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் புகுந்து, பெட்டியில் நாம் வளர்க்கும் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. புழு மூடி போடுமுன்னே செத்து, தலை தூக்கியபடி நீர் நிறைந்த பை போலக் கிடக்கும். அதற்கு மருந்து கிடையாது. பெரியவர்கள் இன்றும் அந்த வருடங்களைப் பற்றிக் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். வரிசையாக வெறும் பெட்டிகள் மட்டும் நின்றதாம்.

அடுக்குத் தேனீ இரை தேடுவது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள். ஆகவே என் பெட்டியில் நோய் என்றால் அது நேற்றே உங்கள் பெட்டிக்கும் வந்திருக்கலாம். அன்று மாலையே ஒருவருக்கொருவர் சொல்லிவிட வேண்டும், வெளியிலிருந்து தேனீக் கூட்டம் வாங்குவதை நிறுத்த வேண்டும், தாக்குப்பிடித்து நின்ற பெட்டியிலிருந்து மட்டும் புதுக் கூட்டம் பிரித்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதற்கு ரசீதுப் புத்தகமோ முத்திரையோ வேண்டாம். நடந்து போகும் தூரத்தில் இருக்கும், ஒளிக்காமல் உண்மை சொல்லும் அண்டை வீட்டுக்காரர்கள் போதும். விலை பேசும் இடத்தில் நோயைச் சொல்ல மனிதர்கள் தயங்குகிறார்கள். 'அவன் பெட்டி சீக்குப் பெட்டி' என்ற பெயர் வந்துவிடுமே என்ற பயம்.

இந்த வடிவிலும் குறை இருக்கிறது. கூட்டுகிற ஒருவர் ஊர் மாறினால் கூட்டம் நின்றுபோகும். வருடத்தில் நாலு மாதம் யாரும் வரமாட்டார்கள். சீனிப்பாகு வைக்கலாமா கூடாதா என்று வாதம் முற்றினால் தீர்த்துவைக்க விதி கிடையாது. கூடவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆடிமழையில் பட்டினியால் தேனீக் கூட்டம் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் தேனீ மேல் என்ன பரிவு இருக்கிறது? மழைக்கு முன்பே தேன் விட்டுவைப்பது முதல் கடமை. தவறிவிட்டால் பாகு வைக்கத்தான் வேண்டும்.

கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம்: மாதக் கூட்டம் உடனே தொடங்கும். ஒரு வருடம் விடாமல் நடந்தால் சங்கமாகப் பதிவு செய்வோம். விற்க விரும்புகிறவர்கள் இப்போது இருக்கும் கூட்டுறவில் தனித்தனியாகச் சேர்ந்துகொள்ளலாம். அந்தப் பேச்சு பெட்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது. முதல் கூட்டம் வரும் இரண்டாம் ஞாயிறு, காலை எட்டு மணிக்கு, என் வீட்டுப் பின்புறத்தில். மூன்றாவது பெட்டியில் தேனீக்கள் புது ராணிக்கான அறை கட்டத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பதா, இன்னும் சில நாள் விடுவதா என்று எல்லோரும் பார்த்துச் சொல்லட்டும்.