லோஷனா, கிரீமா, எண்ணெயா? நாளைக்கும் எடுத்துத் தடவத் தோன்றுவது எது?

உடம்புக்கு மாய்ஸ்சரைசர் வாங்கப் போகும்போது பலரும் கேட்பது, 'எது ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும்?' என்றுதான். அதற்கு விடை எப்போதோ தெரிந்துவிட்டது: பெட்ரோலியம் ஜெல்லி. தோலிலிருந்து ஆவியாகிப் போகும் நீரில் 98 சதவீதத்துக்கு மேல் அது தடுத்துவிடும், மற்ற எண்ணெய்கள் 20 முதல் 30 சதவீதம்தான் தடுக்கும் என்பது தோல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் கழுத்திலிருந்து பாதம் வரை தினமும் அதைப் பூசி, மேலே உடையும் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்ப எத்தனை பேரால் முடியும்?

அதனால் இந்த அலசலுக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. தடவி முடித்த அடுத்த ஐந்து நிமிடம் எப்படி இருக்கிறது? அந்த ஐந்து நிமிடம் சுகமாக இருந்தால் நாளைக்கும் கை தானாக அந்தப் பாட்டிலைத் தேடும். பிசுபிசுவென்று இருந்தால், உள்ளே எவ்வளவு உயர்ந்த சரக்கு இருந்தாலும் அது அலமாரியில் தூங்கும்.

எந்த வகையை எடுத்தாலும் உள்ளே நடப்பது மூன்று வேலைகள்தான். கிளிசரின், யூரியா போன்றவை நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சில கொழுப்புப் பொருள்கள் தோலின் சொரசொரப்பான இடைவெளிகளை நிரப்பி வழவழப்பாக்கும். பெட்ரோலியம் ஜெல்லி, மெழுகு, டைமெத்திகோன் (ஒருவகை சிலிக்கோன்) போன்றவை மேலே ஒரு மூடியாக உட்காரும். எது எவ்வளவு என்பதில்தான் லோஷனும் கிரீமும், வெண்ணெய் போலக் கெட்டியான பாடி பட்டரும் பிரிகின்றன.

லோஷனும் கிரீமும்

லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். அதனால்தான் அது சட்டென்று பரவுகிறது. இரண்டு நிமிடத்தில் உடம்பு முழுக்க முடித்துவிடலாம். தண்ணீர் ஆவியாகும்போது ஒரு குளுமை கிடைக்கும், வெக்கையான நாளில் அதுவே பெரிய சுகம். டைமெத்திகோன் சேர்ந்த லோஷன் காய்ந்த பிறகு பட்டுப்போல் இருக்கும், ஒட்டாது. பொருள்கள் பட்டியலில் முதல் சில பெயர்களுக்குள் கிளிசரின் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரிகளில் தள்ளப்பட்டிருந்தால் அளவு மிகக் குறைவு என்று அர்த்தம்.

கிரீமில் எண்ணெய்ப் பகுதி கூடுதல். தேய்க்கும்போது முதலில் வெள்ளையாக நிற்கும், கொஞ்சம் பொறுமையாகத் தேய்த்தால்தான் உள்ளே போகும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைப் பாருங்கள். அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. அதனால் உடம்பில் முதலில் வறண்டு, நகத்தால் இழுத்தால் வெள்ளைக்கோடு விழுவது பெரும்பாலும் அங்கேதான். லோஷன் பூசிய கால் சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிட்டால் அந்த இடத்துக்குக் கிரீம்தான் சரி. செராமைடு சேர்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே இயல்பாகவே இருக்கும் கொழுப்பு அது.

இங்கே அளவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இதில்தான். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். அந்தக் கணக்கில் ஒரு காலுக்கு ஆறு விரல், ஒரு கைக்கு மூன்று விரல், முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் ஏழேழு விரல். பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்க ஒரு தடவை பூச 20 கிராம் வரை போகும். அதாவது 200 கிராம் டப்பா பத்து நாளுக்குத்தான் வரும். இதனால்தான் விலை உயர்ந்த சிறிய டப்பாவை நான் பரிந்துரைப்பதில்லை. தீர்ந்துவிடுமே என்று பயந்து பயந்து பொட்டளவு எடுத்துப் பூசுவதில் பயனும் இல்லை, சந்தோஷமும் இல்லை. தாராளமாக எடுக்க மனம் வருகிற விலையில் வாங்குங்கள்.

பம்ப் வைத்த பாட்டிலா, டப்பாவா என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஈரக்கையோடு மூடியைத் திருகித் திறப்பது ஒரு தடங்கல். பம்ப்பை ஒரு கையால் அழுத்தினால் போதும். விரல் உள்ளே போகாததால் சுத்தமும் கூட. பழக்கமாக வேண்டும் என்றால் பம்ப்தான்.

எண்ணெயும் பாடி பட்டரும்

சுகம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இந்த இரண்டும்தான் முன்னே நிற்கின்றன. தண்ணீர் கலக்காத பாடி பட்டரைக் கையில் எடுக்கும்போது கட்டியாக இருக்கும். அதில் வழக்கமாகச் சேரும் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகுவது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் முதலில் துகள் துகளாக உதிர்ந்து, பிறகு ஓரம் கரைந்து, கண்ணெதிரே எண்ணெயாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவசரம் கொஞ்சம் குறையும். ஆனால் காலையில் இது ஒத்துவராது. உடையில் ஒட்டும், ஊற நேரம் எடுக்கும். இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயில் நீரை இழுக்கும் பொருள் எதுவும் இல்லை. இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் மூடும், வழவழப்பாக்கும், அவ்வளவுதான். அதனால் காய்ந்த தோலில் பூசுவதைவிடத் துண்டால் ஒற்றி எடுத்த ஈரத்தோலில் பூசுவது மேல். எந்த எண்ணெய் என்பதிலும் வித்தியாசம் உண்டு. லினோலிக் அமிலம் நிறைந்த சூரியகாந்தி எண்ணெய் தோலின் தடுப்புச் சுவருக்கு அனுகூலமானது. ஒலிக் அமிலம் நிறைந்த ஆலிவ் எண்ணெய் அந்தச் சுவரைப் பலவீனப்படுத்துவதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெயர் கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆலிவ் எண்ணெயைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எண்ணெயின் உண்மையான பலம் வழுக்கல். கை எங்கும் தடுக்காமல் நீளமாக வருட முடியும். ரோமம் உள்ள தோலில் மெதுவான வருடலுக்கென்றே ஒருவகை நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தொடும்போதுதான் அவை நன்றாக எழும்பும்; அந்தத் தொடுதல்தான் இதமாகவும் படும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை போக ஏழெட்டு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் வருடும் அளவுக்குத் தன் கை தனக்கு இதம் தராது என்பது உண்மைதான். ஆனாலும் பரபரவென்று தேய்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரியும். லோஷனிலும் இதைச் செய்யலாம், ஆனால் அது பாதியில் காய்ந்துவிடும்.

எண்ணெய்க்கு இரண்டு எச்சரிக்கைகள். குளியலறைத் தரை வழுக்கும், அதனால் பூசுவதை வெளியே வந்து செய்யுங்கள். அப்புறம், எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ ஊறிய துணி சீக்கிரம் தீப்பற்றும். சாதாரணமாகத் துவைத்தாலும் முழுசாகப் போகாது. அந்த உடையோடு நெருப்புக்குப் பக்கத்தில் போக வேண்டாம்.

மற்றவை

பெட்ரோலியம் ஜெல்லி 1872இல் வாசலின் என்ற பெயரில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இன்றைக்கும் குதிகாலுக்கும் முழங்கைக்கும் அதை அடிக்க ஆளில்லை. இரவில் பாதத்தில் பூசிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். குதிகால் தடித்துப்போயிருந்தால் முதலில் யூரியா கிரீம் பூசலாம். ஆனால் வெடிப்பு விட்டிருந்தால் யூரியா எரியும், அப்போது ஜெல்லி மட்டும் போதும். குளிக்கும்போதே பூசிக் கழுவிவிடும் லோஷன்களை நான் பெரிதாக எண்ணவில்லை. பாதி தண்ணீரோடு போய்விடுகிறது. ஒன்றுமே பூசாமல் விடுவதற்கு அது பரவாயில்லை.

வாசனையில் எனக்கு இரு மனம் உண்டு. பிடித்த வாசனைதான் பலருக்கு இந்தப் பழக்கத்தையே ஏற்படுத்திக் கொடுக்கிறது, அதைச் சின்னதாக நினைக்க முடியாது. ஆனால் தோல் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருள்கள் முக்கியமான காரணம். அரிப்போ கரப்பானோ இருப்பவர்கள் வாசனை சேர்க்காததையே எடுங்கள். வாசனை வேண்டுமானால் அது அறையில் இருக்கட்டும், தோலில் வேண்டாம். மற்றவர்கள் முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் பூசிப் பார்த்துவிட்டு உடம்புக்குப் போகலாம்.

காலையா இரவா என்றால், குளித்து முடித்த கையோடு என்பேன். தோல் இன்னும் ஈரமாக இருக்கும் முதல் சில நிமிடங்கள்தான் பொன்னான நேரம். இன்னொரு காரணமும் உண்டு: ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு கோத்துவிட்டால் தனியாக நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இப்படிப் புதிய பழக்கங்கள் தானாக நடக்கத் தொடங்க எவ்வளவு நாளாகிறது என்று பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் தவறியதும் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

என் தேர்வு: குளித்ததும் உடம்பு முழுக்க பம்ப் லோஷன், காலுக்கு மட்டும் கிரீம். அவசரமில்லாத இரவுகளில் எண்ணெயோ பட்டரோ. உங்கள் தோலுக்கு இது பொருந்துமா என்று பார்க்க, இரண்டிலும் சின்ன அளவு வாங்கி, ஒரு வாரம் வலது காலில் லோஷனும் இடது காலில் கிரீமும் பூசுங்கள். தினமும் படுக்கப் போகும் முன் இரண்டையும் தடவிப் பாருங்கள். நகத்தால் லேசாக இழுத்து எதில் வெள்ளைக்கோடு விழுகிறது என்றும் கவனியுங்கள். வாரக் கடைசியில் எந்தப் பாட்டில் அதிகம் குறைந்திருக்கிறதோ அதையே பெரிதாக வாங்குங்கள்.