யூலாராவா, ஃபர்னஸ் கிரீக்கா? பாலைவன விடுதியில் ஒரு பருவ வேலை

பாலைவன விடுதி வேலை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது வெயிலைப் பற்றி, அடுத்தது சம்பளத்தைப் பற்றி. கேட்க வேண்டியவைதான். ஆனால் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் ஒருவரைப் படுத்தி எடுப்பது வேறு சங்கதி. சம்பளம் தருபவரும் கட்டில் தருபவரும் அங்கே ஒருவரே. சாப்பாட்டுக் கூடமும் பெரும்பாலும் அவருடையதுதான். வேலை போனால் அன்றைக்கே படுக்கையும் போய்விடும். அப்போது அடுத்த ஊருக்கு எப்படிப் போவது? காய்ச்சல் வந்தால் மருத்துவர் எங்கே? மாதக் கடைசியில் அரிசியும் பருப்பும் எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்விகளை வைத்துத்தான் நான் இரண்டு இடங்களை எதிரெதிரே நிறுத்துகிறேன். ஒன்று ஆஸ்திரேலியாவின் நடுவே உலுரு பாறைக்கு அருகிலுள்ள யூலாரா. மற்றது கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக். வளைகுடாவின் லிவாவையும் நம் நாட்டின் ஜெய்சல்மேரையும் கடைசியில் தொட்டுக்கொள்கிறேன். அவற்றின் கணக்கே வேறு.

யூலாரா விடுதிகளுக்காகவே திட்டமிட்டுக் கட்டிய ஊர். முன்பு உலுருவின் அடிவாரத்திலேயே மோட்டல்களும் கூடாரத் தளங்களும் இருந்தன. அது பாறைக்கும் நல்லதல்ல, அதன் பாரம்பரிய உரிமையாளர்களான அனங்கு மக்களுக்கும் நல்லதல்ல என்று முடிவாகி, பாறையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, பூங்கா எல்லைக்கு வெளியே 1984இல் இந்த ஊர் திறக்கப்பட்டது. கூடாரத் தளத்திலிருந்து சொகுசு ஓட்டல் வரை எல்லாத் தரத்து விடுதிகளும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. நடுவே ஒரு சதுக்கம், அதில் ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு தபால் நிலையம். தொடக்கப் பள்ளி, காவல் நிலையம், மருத்துவ மையம் எல்லாம் உண்டு. சில நிமிட தூரத்தில் விமான நிலையம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குச் சாலையில் 450 கிலோமீட்டர். பக்கத்து ஊர் என்றால் அதுதான்.

ஃபர்னஸ் கிரீக்கை ஊர் என்று சொல்ல மனம் வரவில்லை. பாலைவனத்தின் நடுவே ஊற்றுநீரும் பேரீச்ச மரங்களுமாக ஒரு பச்சைத் திட்டு. போராக்ஸ் என்ற தாது உப்பைத் தோண்டி விற்ற நிறுவனம், சுரங்கத் தொழிலை வேறிடத்துக்கு நகர்த்தியபின், ஏற்கனவே போட்ட ரயில் பாதைக்குப் பயணிகளாவது கிடைப்பார்களா என்று பார்த்து 1927இல் இங்கே ஒரு விடுதியைத் திறந்தது. டெத் வேலி தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டதே 1933இல்தான். தேசியப் பூங்கா ஆனது 1994இல். அதனால் விடுதி நிற்கும் நிலம் இன்றும் பூங்காவுக்குள் ஒரு தனியார் தீவு. ஒரு கடை, ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு தபால் நிலையம், கடல் மட்டத்துக்குக் கீழே 65 மீட்டரில் ஒரு கோல்ஃப் மைதானம். ஒழுங்கான மளிகை வாங்க நெவாடாவின் பஹ்ரம்ப் வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். லாஸ் வேகஸ் அதற்கும் அப்பால்.

வரைபடத்தில் பார்த்தால் யூலாராதான் மிகத் தொலைவு. தங்கிப் பார்த்தால் தலைகீழ். யூலாராவில் கார் இல்லாமல் ஒரு பருவம் முழுவதையும் ஓட்டிவிடலாம். எல்லாம் நடை தூரத்தில் இருக்கிறது, மனம் வெறுத்துப் போனால் விமானம் ஏறிவிடலாம். ஃபர்னஸ் கிரீக்கில் கார் இல்லாதவர் அடுத்தவர் தயவில்தான் வாழ வேண்டும். பஹ்ரம்புக்குப் போகும் சக ஊழியரிடம் வெங்காயமும் தயிரும் சொல்லி அனுப்புவது முதல் வாரம் நட்பாக இருக்கும். இரண்டாவது மாதம் கூச்சமாகிவிடும். என்னைக் கேட்டால், சொந்த கார் இல்லாதவர் ஃபர்னஸ் கிரீக்கை நினைக்கவே வேண்டாம்.

பருவம் இரண்டு இடத்திலும் நேரெதிர். டெத் வேலியின் நல்ல காலம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. யூலாராவின் நல்ல காலம் மே முதல் செப்டம்பர் வரை. விசா மட்டும் இடம் கொடுத்தால் இரண்டையும் மாறி மாறிப் பிடித்துக் கோடையே பார்க்காமல் வாழலாம். டெத் வேலியில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூலை, ஆகஸ்டில் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தால், வெயிலைப் பார்ப்பதற்கென்றே ஐரோப்பாவிலிருந்து கூட்டம் வருகிறது. பூங்கா தகவல் மையத்தின் வாசலில் உள்ள பெரிய வெப்பமானிப் பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் படுக்கை விரிக்கவும் காபி ஊற்றவும் யாராவது அங்கே இருந்தாக வேண்டுமே! ஆள் பற்றாக்குறை மிகுந்த காலம் என்பதால் கோடை வேலை எளிதாகக் கிடைக்கும். அதற்காக மயங்கிவிடக் கூடாது.

1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ், உலக வானிலை அமைப்பின் ஏட்டில் இன்றும் உலக உச்சமாக இருக்கிறது. பதிவானது இதே ஃபர்னஸ் கிரீக்கில். அது பழங்கதை என்று தள்ளினாலும், 2024 ஜூலையில் பகல், இரவு இரண்டையும் சேர்த்த மாத சராசரியே 42.5 டிகிரி. அதாவது இரவும் ஓய்வு தராது. குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். இதைவிட முக்கியமான ஒன்று: வெப்பநிலை 49 டிகிரியைத் தாண்டினால் காற்று லேசாகி, மருத்துவ ஹெலிகாப்டர்கள் பொதுவாகப் பறக்க முடியாது. உயிருக்குப் போராடும் நேரத்தில் சாலை வழியாகத்தான் பஹ்ரம்புக்கோ லாஸ் வேகஸுக்கோ கொண்டுபோக வேண்டும். இதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் அந்தக் கோடைச் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

யூலாராவின் கோடையும் லேசுப்பட்டதல்ல. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை 40ஐத் தாண்டும் நாட்கள் சாதாரணம். 36 டிகிரி எதிர்பார்க்கப்பட்டாலே உலுருவுக்கு அருகிலுள்ள கட்டா ஜுட்டா பாறைக் குன்றுகளின் காற்றுப் பள்ளத்தாக்கு நடைபாதையின் பெரும்பகுதியைக் காலை 11 மணிக்கு மூடிவிடுகிறார்கள். ஈக்கள் கண்ணையும் மூக்கையும் மொய்க்கும்; தலையில் வலை மாட்டிக்கொண்டு திரிவதற்கு அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனால் அங்கே இரவு உண்மையிலேயே இரவு. ஜூன், ஜூலையில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். சூரிய உதயம் பார்க்கப் பயணிகளை அழைத்துப்போகும் வேலை கிடைத்தவர் கம்பளிக் கையுறை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பாலைவனம் என்று சொல்லி யாரும் இதை எச்சரிப்பதில்லை. மருத்துவத்துக்கு ஊருக்குள்ளேயே மையம் இருக்கிறது. முடியாத நோயாளியைப் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தூக்கிச் செல்லும். இந்த ஒரு விஷயத்தில் யூலாராவோடு ஃபர்னஸ் கிரீக் போட்டியே போட முடியாது.

பணத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலையிலிருந்து மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலர். நிரந்தரமில்லாத பணியாளராகச் சேர்ந்தால் இதற்கு மேல் 25 சதவீதம் கூடும். கலிபோர்னியாவில் 2026 தொடக்கத்திலிருந்து 16.90 அமெரிக்க டாலர்; ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. நாணயத்தை மாற்றிப் பார்த்தால் அடிப்படை ஊதியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் டிப்ஸில் இருக்கிறது. கலிபோர்னியச் சட்டப்படி டிப்ஸைக் காட்டி முதலாளி குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைக்க முடியாது. முழுச் சம்பளத்துக்கு மேல் அது தனி வரவு. எனவே உணவகத்தில் பரிமாறுபவருக்கு டெத் வேலியின் குளிர்காலம் லாபம். அறை துப்புரவு, சலவை, பாத்திரம் கழுவுதல் போன்ற வேலைகளுக்கு மேசையில் யாரும் நோட்டு வைத்துவிட்டுப் போவதில்லை. அவற்றுக்கு யூலாராவே மேல். இரண்டு இடத்திலும் தங்குமிட வாடகை சம்பளத்திலிருந்து பிடிக்கப்படலாம், அறையைப் பங்குபோட வேண்டிவரலாம். வாரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், அறையில் எத்தனை பேர், வேலை நேரம் குறைந்தாலும் வாடகை அப்படியே இருக்குமா என்று எழுத்தில் வாங்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் விடுமுறை வேலை விசாவில் வருபவருக்கு வரியும் ஒரு தனிக் கணக்கு. முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் போகும். முதலாளி ஓய்வூதிய நிதியில் 12 சதவீதம் செலுத்துவார் என்று விளம்பரங்கள் குளிரக் குளிரச் சொல்லும். நாடு திரும்பும்போது அதைத் திருப்பிக் கேட்டால் 65 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். அதை வருமானமாக எண்ணிக் கடன் வாங்கிவிட வேண்டாம்.

யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தேர்வு தானாக முடிந்துவிடும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஆஸ்திரேலியாவின் விடுமுறை வேலை விசாக்களில் ஒன்றான 462 திறந்திருக்கிறது: 18 முதல் 30 வயது, ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் இதே 462தான். பிரிட்டனிலும் கனடாவிலும் குடியுரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு வகையான 417. அவர்களுக்கு வயது வரம்பு 35. யூலாரா போன்ற தொலைதூரப் பகுதியில் விருந்தோம்பல் வேலை செய்த மூன்று மாதம், இரண்டாம் ஆண்டு விசாவுக்கான தகுதியாகக் கணக்கில் சேரும். அங்கே இளைஞர் கூட்டம் வந்து குவிவதற்கு உலுருவின் அழகைவிட இந்த விதி பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஃபர்னஸ் கிரீக் அப்படியல்ல. அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்களுக்கு அது திறந்த கதவு. வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் ஜே-1 விசாவின் கோடைக்கால வேலைத் திட்டத்தில் அமெரிக்காவுக்கு அதிகபட்சம் நான்கு மாதம் வரலாம், அதுவும் தங்கள் கல்லூரியின் நீண்ட விடுமுறையில்தான். இந்திய மாணவருக்கு அந்த விடுமுறை மே, ஜூனில் வருகிறது. டெத் வேலியில் அப்போது என்ன நிலவரம் என்று மேலே சொன்னேன். அமெரிக்கத் தேசியப் பூங்கா விடுதிகளில் இன்னொரு வகைப் பணியாளரும் உண்டு: பணி ஓய்வு பெற்று, வீட்டையே வண்டியில் இழுத்துக்கொண்டு பருவத்துக்கு ஒரு பூங்கா என்று சுற்றும் தம்பதிகள். கட்டில் பிரச்சினை அவர்களுக்கு இல்லை. வீடு கூடவே வருகிறது. கலிபோர்னியாவில் கணினி வேலையை முடித்துக்கொண்ட தமிழ்த் தம்பதி யாராவது இந்த வாழ்க்கையை யோசித்தால், நான் ஃபர்னஸ் கிரீக்கின் குளிர்காலத்துக்கே வாக்களிப்பேன். யூலாரா இளைஞர்களின் ஊர். இரவு பத்து மணிக்குப் பிறகும் பணியாளர் குடியிருப்பில் சத்தம் இருக்கும்.

வெயிலுக்கு அடுத்து, சாலையும் பூங்காவும் திடீரென அடைபடுவது இரண்டாவது பெரிய ஆபத்து. 2022 ஆகஸ்ட் 5 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் சில மணி நேரத்தில் 37 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நம் ஊரில் அது ஒரு மாலை மழை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 55 மில்லிமீட்டர் மட்டுமே பெறும் இடத்தில் அது வெள்ளம். சாலைகள் உடைந்து, பயணிகளும் ஊழியர்களுமாகச் சுமார் ஆயிரம் பேர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஹிலாரி புயல் வந்தபோது பூங்காவே ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் 15 வரை மூடிக் கிடந்தது. பருவம் தொடங்க வேண்டிய வாரங்கள் அவை. பூங்கா மூடினால் சம்பளம் உண்டா, சம்பளம் இல்லாவிட்டாலும் அறை உண்டா என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

சுற்றி வாழ்பவர்களைப் பற்றியும் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஃபர்னஸ் கிரீக்கில் விடுதிக்குப் பக்கத்திலேயே டிம்பிஷா ஷோஷோனி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கும் மாறி மாறி வாழ்ந்தவர்கள் அவர்கள். பருவ வாழ்க்கை அந்த மண்ணில் விடுதிக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. கோடைக்கு மலையேறிய குடும்பங்களின் மண்வீடுகளைப் பூங்கா நிர்வாகம் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்த காலமும் உண்டு. 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. உலுரு 1985 அக்டோபர் 26 அன்று அனங்கு மக்களிடம் திரும்பியது. பாறை மீது ஏறுவது 2019இல் அதே தேதியில் முடிவுக்கு வந்தது. யூலாரா விடுதிகளைப் பழங்குடி நிலங்களுக்கான அரசு அமைப்பு 2011இல் வாங்கி, பழங்குடி இளைஞர்களுக்கு அங்கேயே பயிற்சி நிலையமும் நடத்தியது. எனவே மண்ணின் மக்களுடன் சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு யூலாராவில் கூடுதல்.

அபுதாபியின் லிவாவில், ரூபுல் காலி பாலைவனத்தின் விளிம்பில் இருப்பது போன்ற விடுதிகளை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அங்கே நம்மவர்கள் போவது பருவத்துக்கு அல்ல, ஆண்டுக் கணக்கில். தனியார் துறை வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. வருமான வரியும் கிடையாது. அறையும் சாப்பாடும் இலவசமாகக் கிடைத்தால் கையில் மிஞ்சுவது நிஜமாகவே மிஞ்சும். ஆனால் நான்கு மாதத்தில் பிடிக்கவில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் சுதந்திரத்துக்காகத்தான் ஒருவர் பருவ வேலையைத் தேடுகிறார். லிவாவில் அது இல்லை. ஆள் சேர்க்கும் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். இங்கே முகவர் லட்சத்தில் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

விசா, குலுக்கல் எதுவும் வேண்டாம், பாலைவன விடுதி வேலை நமக்கு ஒத்துவருமா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஜெய்சல்மேருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் தொலைவில் சம் மணல்மேடு இருக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை கூடார விடுதிகள் வரிசை கட்டி நிற்கும். கேட்டரிங் படித்த தமிழ்ப் பையனுக்கு இந்தி கொஞ்சம் வந்தால் போதும். யூலாரா சம்பளத்தின் பக்கத்தில்கூட நிற்காது. இரவு விருந்தும் மாங்கணியார் எனும் நாட்டுப்புறப் பாடகர்களின் பாட்டும் முடிந்து விருந்தினர் தூங்கப் போனபின்தான் பாத்திரம் கழுவும் வேலையே தொடங்கும். சம்பளத்தைப் பருவ முடிவில் மொத்தமாகத் தருகிறேன் என்று சொல்லும் முதலாளியிடம் மட்டும் சேர வேண்டாம். மார்ச் மாதத்தில் கூடாரத்தோடு சேர்ந்து அவரும் காணாமல் போகலாம்.