டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: பறவைப் பட முன்னோட்டத்துக்குக் கைகொடுக்குமா?

இயற்கைக் குறும்படம் எடுப்பவர்களுக்கு, கேமராவுக்கும் லென்சுக்கும் செலவழித்தபின் எடிட்டிங் மென்பொருளுக்கென்று கையில் பணம் மிஞ்சுவது அரிது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வழங்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை அவர்களில் பலர் நாடுவதற்கு இதுவே காரணம். வண்ணத் திருத்தத்தால் பெயர்பெற்ற மென்பொருள் இது. ஆனால் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைப் பற்றிய ஒன்றரை நிமிட முன்னோட்டம் ஒன்றை இதில் தொகுத்துப் பார்த்ததில், வண்ணத்தைவிட ஒலிக்காகவே இதைப் பரிந்துரைக்கத் தோன்றுகிறது.

பிளாக்மேஜிக் 2016-இல் ஃபேர்லைட் என்னும் ஒலித்தொழில்நுட்ப நிறுவனத்தை வாங்கி, அதன் கருவிகளை ரிசால்வுக்குள் தனிப் பக்கமாகவே சேர்த்துவிட்டது. இலவசப் பதிப்பிலும் அந்தப் பக்கம் உண்டு. படத்தை ஒரு மென்பொருளில் வெட்டி, ஒலியை வேறொன்றுக்கு ஏற்றுமதி செய்து, பிறகு இரண்டையும் பொருத்தும் வேலை இதனால் இல்லாமல் போகிறது. முன்னோட்டத்தில் ஒரு ஷாட்டை அரை விநாடி குறைத்தால் அதற்குப்பின் உள்ள இசை முழுவதையும் மறுபடி கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்பதும் திருத்துவதும் ஒரே திரையில் நடக்கும்போது, துணிந்து பல விதமாக வெட்டிப் பார்க்க மனம் வருகிறது.

பறவைப் படத்துக்கு இது கூடுதலாக முக்கியம். சங்குவளை நாரைக்குக் கூவும் குரல் கிடையாது என்றே சொல்லலாம். வளர்ந்த பறவைகள் கூட்டருகே அலகுகளைத் தட்டி ஒலியெழுப்பும், இரைச்சலெல்லாம் குஞ்சுகளுடையது. அந்த அலகுத் தட்டலும், நீர்க்கடம்ப மரத்தில் இறங்கும் சிறகின் வீச்சும்தான் ஏரியின் அடையாளம். அவற்றை மூடும் இசை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்தப் படத்துக்கு உதவாது. ஆகவே இசையே இல்லாமல், களத்தில் பதிவான ஒலியை மட்டும் வைத்து முதல் வெட்டை முடித்துவிட்டு, அதன்பின் பரிசீலனையிலுள்ள இசைகளைத் தனித்தனி டிராக்குகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, சோலோ பொத்தானால் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு ஒப்பிடும் முறையை இங்கே பரிந்துரைப்பேன். ஒவ்வொரு டிராக்குக்கும் ஈக்வலைசர் (ஒலியின் குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் கருவி) உடனிருப்பதால், பறவைக் குரல்கள் பெரும்பாலும் அமரும் 2 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இசையை மட்டும் சற்றுத் தணித்துவிட முடிகிறது. ஒட்டுமொத்தமாக இசையின் அளவைக் குறைப்பதைவிட இதுவே நல்ல வழி, ஏனெனில் இசையின் அடிநாதம் கனம் குறையாமல் நிற்கிறது.

தாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இசை ஓடும்போதே விசைப்பலகையில் ஆங்கில எம் எழுத்தைத் தட்டினால் அந்த இடத்தில் மார்க்கர் என்னும் அடையாளக்குறி விழும். தாள அடிகளைக் குறித்துக்கொண்டு வெட்டுகளை அங்கே பொருத்தலாம். ஆனால் விநாடிக்கு 25 பிரேம் கொண்ட டைம்லைனில், நிமிடத்துக்கு 120 அடி வேகமுள்ள இசையின் இரண்டு அடிகளுக்கு இடையே பன்னிரண்டரை பிரேம்கள் வருகின்றன. அரை பிரேமில் யாரும் வெட்ட முடியாது. 100 அடி என்றால் சரியாகப் பதினைந்து, 75 அடி என்றால் இருபது. நாரை பறக்கும் நிதானத்துக்கு 75 அடிதான் இயல்பாகவும் அமைந்தது. அடிக்கு ஒரு வெட்டு என்று கடைசிவரை போனால் அது கார் விளம்பரமாகிவிடும் என்பது என் கருத்து; முக்கியமான இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பொருந்தினால் போதும்.

இசையைத் தேடித்தரும் வசதி ரிசால்வின் இலவசப் பதிப்பில் இருப்பதாகக் கருத வேண்டாம். வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். யூடியூப் ஒலி நூலகத்தில் மனநிலை, கால அளவு, பெயர் குறிப்பிடும் கட்டாயம் உண்டா இல்லையா என்று வடிகட்டித் தேடலாம். வேறு தளங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும், படைப்பைச் சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமத்துடன் கிடைப்பவற்றில், மாற்றியமைப்பதற்குத் தடை உள்ளவற்றைத் தொடவே கூடாது, ஏனெனில் இசையைக் காட்சியோடு இணைப்பதையே அந்த உரிமம் மாற்றியமைப்பாகக் கொள்கிறது. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனைக்கு உரிமை கோர யாருமில்லை என்று நினைத்து ஒரு வீணைப் பதிவை எடுத்துவிடுவதும் தவறு. கீர்த்தனை பொதுவுடைமைதான், அந்தப் பதிவுக்கோ இந்தியச் சட்டப்படி வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் தனி உரிமை உண்டு. தெரிந்த கலைஞர் ஒருவரை அழைத்து, எழுத்துமூலமான ஒப்புதலோடு ஒரு நிமிடம் வாசிக்கச் செய்வது இந்தச் சிக்கலை அடியோடு தீர்க்கும்.

குறைகளும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் எடுத்த காட்சிகளில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் கருவி, 295 டாலர் விலையுள்ள ஸ்டூடியோ பதிப்பில்தான் இருக்கிறது. பறவைப் படக்காரருக்கு இது உண்மையான இழப்பு. இடைப்பட்ட பிரேம்களைத் தானே உருவாக்கி வேகத்தைக் குறைக்க உதவும் ஆப்டிகல் ஃப்ளோ வசதி இலவசப் பதிப்பில் இருந்தாலும், கிளைகளுக்கு முன்னே அடிக்கும் சிறகுகளில் அது பிசிறு விடுகிறது. விநாடிக்கு 50 பிரேமில் படமெடுத்து 25-இல் ஓடவிடுவதே சுத்தமான வழி. திட்டத்தின் பிரேம் வேகத்தையும் காட்சிகளை இறக்கும் முன்பே முடிவுசெய்தாக வேண்டும், பிறகு மாற்ற இயலாது. கணினி விஷயத்தில் மென்பொருளுக்கு இரக்கமில்லை: 16 ஜிபி நினைவகமும் தனி கிராபிக்ஸ் அட்டையும் இல்லாத மடிக்கணினியில் 4கே காட்சிகளை நேரடியாகக் கையாள நினைக்காமல், முதலில் பிராக்ஸி கோப்புகளை (எடிட்டிங்கின்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல்களை) உருவாக்கிக்கொள்வது நலம்.

ஏற்றுமதியில் இலவசப் பதிப்பின் எல்லை 3840க்கு 2160, விநாடிக்கு 60 பிரேம். இணைய முன்னோட்டத்துக்கு அது தாராளம். ஏற்றும் முன் ஃபேர்லைட்டின் ஒலியளவு மானியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் லஃப்ஸ் அலகில் -14 அளவுக்கு மேல் உரத்து இருந்தால் யூடியூப் தானே குறைத்துவிடும், மெல்லியதாக இருந்தால் உயர்த்தித் தராது. பறவை ஒலியை நம்பிய முன்னோட்டம் மெல்லியதாகவே அமையும் என்பதால், -16 அளவில் விட்டுவிட்டு அமைதியான இடங்களை அப்படியே காப்பாற்றுவதையே நான் தேர்ந்தெடுத்தேன்.